பந்தயத்துக்கு லைசென்ஸ் உண்டு, குதிரைக்காரருக்கு?

நம் சங்க நூலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகை படிக்க வருகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. படிப்பது அரை மணி நேரம், பேசுவது இரண்டு மணி நேரம். சென்ற மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ரேஸ்கோர்ஸ் விஷயம் வந்தது. "ஊருக்கு நடுவே எண்பது ஏக்கருக்கு மேல் இடம். அதில் ஒரு பூங்கா போட்டால் எத்தனை நல்லது! அதை விட்டுவிட்டுச் சூதாட்டத்துக்கு சர்க்கார் லைசென்ஸ் வேறு கொடுக்கிறது" என்றார் ஒரு நண்பர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும், "லைசென்ஸ் கொடுக்கத்தான் வேண்டும் ஸார். ஆனால் இப்போது கொடுக்கிற மாதிரி இல்லை" என்றேன். நண்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அப்பா கதையைச் சொன்ன நீங்களா இப்படிப் பேசறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அன்று பதில் சொல்ல நேரம் போதவில்லை. ஆசிரியர் இடம் கொடுத்திருப்பதால் இங்கே சொல்கிறேன்.

முதலில் அப்பா கதையைச் சொல்லி விடுகிறேன். எங்கள் குடும்பம் ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்தது. அப்பாவுக்கு பின்னி மில்லில் வேலை. ஸ்ரீராமபுரத்தில் ஒரே அறையும் சமையல்கட்டும் உள்ள வாடகை வீடு. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதுதான் வாழ்க்கை. அப்பா குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார். ஆனால் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரேஸ் புத்தகம் இருக்கும். அதில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். எங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அதே பென்சில்.

அவர் ரேஸ்கோர்ஸுக்குள் போனது குறைவு. டிக்கெட் வாங்கி உள்ளே போக வேண்டும், நல்ல சட்டை போட வேண்டும் என்று ஒரு கூச்சம். தெருமுனை டீக்கடையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் எட்டணா, ஒரு ரூபாய் என்று கட்டலாம். ரசீது கிடையாது. ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து, அதில் நம்பர் எழுதிக் கொடுப்பார். ஜெயித்தால் மாலையில் பணம். தோற்றால் அடுத்த வாரம் வரை கடனும் கொடுப்பார். அந்தக் கடன்தான் விஷம். ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மாவின் தையல் மெஷின் இருந்த மூலை காலியாக இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரர்களிடமிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கி வந்து, கையாலேயே காஜா எடுத்து, கொக்கி தைத்து, ஏழு மாதம் கழித்து அந்த மெஷினை மீட்டுக்கொண்டு வந்தார். இன்றைக்கும் குதிரைப் பந்தயம் என்ற பேச்சு வந்தால் எனக்கு நினைவு வருவது குதிரை அல்ல, அந்தக் காலி மூலைதான்.

ஆக, ரேஸுக்கு வக்காலத்து வாங்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். எங்கள் வீட்டை ஆட்டி வைத்தது லைசென்ஸ் உள்ள பந்தயமல்ல. லைசென்ஸே இல்லாத டீக்கடை. இதைப் பின்னால் மறுபடியும் சொல்வேன்.

இப்போது லைசென்ஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் பயம் வராது. நம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில் 34-ஆம் இனம் பந்தயமும் சூதாட்டமும். அதனால்தான் இந்த விஷயத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாக நடக்கிறது. கர்நாடகத்தில் பழைய மைசூர் ராஜ்யத்தில் 1952-ஆம் வருடம் போட்ட ரேஸ்கோர்ஸ் லைசென்சிங் சட்டம்தான் இன்றும் அடிப்படை. லைசென்ஸ் இல்லாத மைதானத்தில் குதிரைப் பந்தயம் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். மைதானத்தின் சொந்தக்காரரோ குத்தகைதாரரோ அனுபோகத்தில் வைத்திருப்பவரோ அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போடலாம். அரசாங்கம் கொடுக்கலாம், மறுக்கலாம், எவ்வளவு காலத்துக்கு என்று வரையறுக்கலாம், நிபந்தனையும் போடலாம்.

அந்த நிபந்தனைகள் என்னென்ன விஷயங்களைப் பற்றி இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. லைசென்ஸ் கட்டணம், கணக்கு வழக்கு, பரிசுத் தொகை, ஜாக்கிகளுக்குப் பயிற்சி, இந்தியாவில் பிறந்த குதிரைகளுக்கும் இந்திய ஜாக்கிகளுக்கும் ஆதரவு, நிர்வாகத்தில் அரசாங்கம் நியமிக்கும் ஆட்கள், வசூலான பணத்தைச் செலவழிக்கும் விதம். கடைசியில், பந்தயம் சம்பந்தப்பட்ட பிற விஷயங்கள் என்று ஒரு பொதுவான வரி. சுதந்திரம் வந்த புதிதில் எழுதிய சட்டம் என்பது அதைப் படிக்கும்போதே தெரிகிறது. அதுவரை வெள்ளைக்கார ஜாக்கியும் இறக்குமதிக் குதிரையும் கோலோச்சிய மைதானத்தில் நம் ஆளும் நம் குதிரையும் வர வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. நல்ல ஆசைதான்.

குதிரையை நினைத்தார்கள், ஜாக்கியை நினைத்தார்கள். அந்தக் குதிரையை விடிகாலையில் எழுப்பித் தண்ணீர் காட்டி, தேய்த்துக் குளிப்பாட்டி, லாயம் கழுவி, நடக்க விட்டுக் கூட்டி வருகிற ஆளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ரேஸ் உலகத்தில் அவருக்கு 'சைஸ்' என்று பெயர். தமிழில் சொன்னால் குதிரைக்காரர். ஒருவர் இரண்டு மூன்று குதிரைகளைப் பார்த்துக்கொள்வார். அவர் கிளப்பின் ஊழியர் அல்ல. குதிரை ஒரு முதலாளியுடையது. முதலாளி டிரெய்னருக்கு மாதா மாதம் ஒரு தொகை கொடுப்பார். டிரெய்னர் அதிலிருந்து சைஸுக்குச் சம்பளம் கொடுப்பார். குதிரை ஜெயித்தால் ஏதோ கொஞ்சம் மேலே கிடைக்கும். இந்தச் சங்கிலியில் எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் கடைசிக் கண்ணியில் தொங்குகிறவர் கீழே விழுவார்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் தெருக்கோடி வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வயதில் லாயத்துக்குள் போனவர், இப்போது வயது ஐம்பதைத் தாண்டி விட்டது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். குதிரைகளுக்கும் அந்த மொழிதான் புரியும் என்பார். ஒரு முறை குதிரை உதைத்து இடது கை மணிக்கட்டு சரியாகக் கூடாமலே நின்று விட்டது. வைத்தியச் செலவு அவருடையது.

2024-ஆம் வருடம் நடந்ததை வாசகர்களில் பெங்களூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜனவரி 12-ஆம் தேதி மத்தியக் குற்றப் பிரிவுப் போலீஸார் டர்ஃப் கிளப் வளாகத்தில் புக்கிகளின் கடைகளைச் சோதனை போட்டார்கள். வரி ஏய்ப்பு என்று குற்றச்சாட்டு, வழக்கு. லைசென்ஸ் புதுப்பிக்க கிளப் போட்ட விண்ணப்பம் அரசாங்கத்திடம் இருந்தது. கோடை சீசன் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், ஜூன் 6-ஆம் தேதி, அதாவது பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்த இரண்டாம் நாள், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கிளப்பும் குதிரை முதலாளிகளும் டிரெய்னர்களும் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். ஜூன் 18 செவ்வாய்க்கிழமை தனி நீதிபதி பந்தயம் நடத்தலாம் என்று இடைக்கால உத்தரவு போட்டார். ஜூன் 22 சனிக்கிழமை இரண்டு நீதிபதிகள் கொண்ட பெஞ்சு அந்த உத்தரவுக்குத் தடை போட்டது.

செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவே நாலு நாள். அந்த நாலு நாளில் தெருக்கோடி வீட்டு அம்மா என்னிடம் மூன்று தடவை வந்தார். நான் பேப்பர் படிக்கிறவன், சட்டம் தெரிந்தவன் என்று ஒரு நினைப்பு. "அண்ணா, கோர்ட்டுல சரின்னு சொல்லிட்டாங்களாமே, இந்த வாரம் ஓட்டம் உண்டா?" என்று முதலில். "அண்ணா, மறுபடி அப்பீலாமே, அது எப்ப முடியும்?" என்று இரண்டாம் முறை. மூன்றாம் முறை ஒன்றும் கேட்கவில்லை. பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகஸ்ட் வரை தவணை கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்கே கொஞ்ச நேரம் புரியவில்லை. 'தந்தை பணிபுரியும் மைதானத்துக்கு லைசென்ஸ் கிடைக்காமையால்' என்று எழுதினேன்.

அந்த இரண்டு மாதமும் வீட்டுக்காரருக்குப் பாதிச் சம்பளம். பந்தயம் இல்லாவிட்டால் வேலையும் பாதிதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "லைசென்ஸ் இல்லேன்னு குதிரைக்குத் தெரியுமாண்ணா? காலைல நாலு மணிக்கு அதுக்குப் பசிக்கும். ஓட்டம் இல்லாத குதிரைய நடத்தாம கட்டி வச்சா வயித்து வலி வந்து படுத்துரும். இப்பத்தான் வேலை ஜாஸ்தி."

அரசாங்கம் மறுத்தது சரியா தவறா என்பதற்குள் நான் போகப் போவதில்லை. வரி ஏய்ப்பு நடந்திருந்தால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க அரசாங்கம் என்ன மரக்கட்டையா? என் கேள்வி வேறு. புக்கி தப்புச் செய்தான் என்று சொல்லி ஒரு சட்டம் பாய்கிறது. அது முதலில் போய் விழுந்த இடம் எது? புக்கி வீட்டில் அல்ல. குதிரை முதலாளிக்கு வேறு தொழில் இருக்கிறது. டிரெய்னர் சிலர் குதிரைகளை வேறு ஊருக்கு அனுப்பினார்கள். ஸ்ரீராமபுரத்தில் ஒரு குடும்பத்துக்குப் பாதிச் சம்பளம். பந்தயங்கள் பின்னர் மறுபடியும் தொடங்கின. விட்டுப்போன சம்பளம் திரும்பி வரவில்லை.

பூங்கா போடலாம் என்று சொன்ன நண்பர் சென்னை உதாரணத்தைக் காட்டினார். அதையும் பார்த்து விடலாம், ஏனென்றால் அது நம் ஊர்க் கதை. தமிழ்நாட்டில் 1974-லேயே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். கலைஞர் முதலமைச்சராக இருந்த காலம். எங்கள் அம்மா அந்தச் செய்தியைக் கேட்டு, "அந்த ஊர்லயே இருந்திருக்கலாம்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் வழக்கு நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசாங்கம் எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று சுப்ரீம் கோர்ட், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமையை ஆதாரமாகக் கொண்டது, வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் வம்சம், உடல்நிலை, ஜாக்கியின் திறமை, சுமக்கும் எடை, ஓடும் தூரம் எல்லாவற்றையும் கணித்துப் பார்க்க முடியும் என்பது அதன் வாதம். 1986 சட்டம் செல்லாது என்றும் சொல்லி விட்டது. எங்கள் அப்பா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பைக் கத்தரித்து ரேஸ் புத்தகத்துக்குள் வைத்திருப்பார். திறமை என்று கோர்ட் சொல்லலாம். எங்கள் வீட்டில் அதைக் கண்டதில்லை.

ஆனால் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி கிண்டி மைதானத்துக்கு சீல் வைத்தார்களே, அது சூதாட்டம் என்பதற்காக அல்ல. வாடகைக்காக. 1945-ல் 160.86 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். வாடகை வருடத்துக்கு 614 ரூபாய்ச் சில்லறை. பிறகு வாடகையை உயர்த்தியதில் தகராறு ஏற்பட்டு, பாக்கி 730 கோடியே 86 லட்சம் ரூபாய் என்று அரசாங்கம் கணக்குப் போட்டது. இந்தப் பணத்தைக் கட்டச் சொல்லி 2023-ல் சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. கட்டாததால் குத்தகை ரத்து. நகரத்தின் நடுவே இருக்கும் பொது நிலத்தை 614 ரூபாய்க்கு வைத்துக்கொள்வது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கணக்குப் பிரிவுக்காரனுக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே எரியும்.

பெங்களூரிலும் நிலத் தகராறு உண்டு. ரேஸ்கோர்ஸ் நிலத்தின் குத்தகை 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்து போனது. விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. மைதானத்தை ஊருக்கு வெளியே மாற்றும் பேச்சு அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் சிக்கஜாலா என்றார்கள், பிறகு குணிகல் என்றார்கள். குணிகலில் திப்பு சுல்தான் காலத்துக் குதிரைப் பண்ணை இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு அதை விட மனமில்லை. (ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்கே 2023-ல் நடிகர் அம்பரீஷ் பெயரை வைத்தாயிற்று. ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் "ரேஸ்கோர்ஸ் ரோடுதானே ஸார்?" என்று திருப்பிக் கேட்கிறார்.)

நிலம் வேறு, லைசென்ஸ் வேறு. நிலத்துக்கு நியாயமான வாடகை வாங்குங்கள், முடியாதென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குத்தகைச் சட்டம் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. லைசென்ஸ் என்பது அந்தத் தொழில் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு. இரண்டையும் போட்டுக் குழப்பி, ஒன்றுக்காக இன்னொன்றை இழுத்துப் பிடிப்பதால்தான் வருடா வருடம் இந்த அவஸ்தை.

மூடுவதென்றே தீர்மானித்தாலும் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. சிங்கப்பூரில் நம் வாசகர்களுக்கு உறவுக்காரர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே 1842-ல் தொடங்கிய டர்ஃப் கிளப், நூற்றெண்பது வருடத்துக்கு மேல் நடந்தது. வீடு கட்ட நிலம் வேண்டும் என்று அரசாங்கம் மூடத் தீர்மானித்தது. 2023 ஜூன் 5-ஆம் தேதி அறிவிப்பு. கிராஞ்சி மைதானத்தில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5. சரியாகப் பதினாறு மாதம். நிலத்தை ஒப்படைக்க 2027 மார்ச் வரை அவகாசம். அங்கேயும் வருத்தப்பட்டவர்கள் உண்டு, வேலை போனவர்கள் உண்டு. ஆனால் என்றைக்கு வேலை போகும் என்பது அவர்களுக்கு ஒரு வருடத்துக்கு முன்பே தெரியும். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை ஒரு விதம், சனிக்கிழமை இன்னொரு விதம்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். புதுச் சட்டம் ஒன்றும் வேண்டாம். 1952 சட்டத்தில் 'பிற விஷயங்கள்' என்று ஒரு வரி இருப்பதைச் சொன்னேனே, அதுவே போதும். லைசென்ஸின் நிபந்தனைகளில் சைஸின் பெயரையும் எழுத வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். அவருக்குப் பதிவு இருக்க வேண்டும், சம்பளம் வங்கிக் கணக்கில் போக வேண்டும். டிரெய்னர் கொடுக்கத் தவறினால் கிளப் கொடுத்துவிட்டுப் பிறகு டிரெய்னரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான பணத்தை கிளப் லைசென்ஸ் வாங்கும்போதே டெபாசிட்டாகக் கட்டட்டும். லைசென்ஸ் மறுக்கப்பட்டாலோ ரத்தானாலோ அந்தப் பணம் முதலில் லாயத்துக்குப் போகட்டும், பிறகு மற்றக் கணக்குகள். கோடி கோடியாகப் புரளும் இடத்தில் இது ஒரு பெரிய தொகையே அல்ல.

அரசாங்கத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். சீசன் தொடங்குவதற்குத் தொண்ணூறு நாள் முன்னால் முடிவைச் சொல்லி விட வேண்டும். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் காரணத்தோடு எழுத்தில். ரேஷன் கடை லைசென்ஸுக்கே தேதி குறிப்பிடுகிறோம்.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் வழி ஏற்கனவே பாதி போட்டாயிற்று. ரேஸ் கிளப்பை ஒரு 'கடை'யாகக் கருதலாமா, அதன் ஊழியர்களுக்கு இ.எஸ்.ஐ. சட்டம் செல்லுமா என்று பெங்களூர் டர்ஃப் கிளப்பின் வழக்கே சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. செல்லும் என்று 2014 ஜூலை 31-ல் தீர்ப்பு. பந்தய நாளில் மட்டும் வேலைக்கு வருகிற தினக்கூலிக்காரர்களுக்கும் செல்லும் என்று மும்பை ராயல் வெஸ்டர்ன் கிளப் வழக்கில் 2016-ல் சொன்னார்கள். டிக்கெட் கவுண்டரில் வாரம் இரண்டு நாள் உட்காருகிறவருக்கு அட்டை கிடைக்க வழி பிறந்து விட்டது. வருடம் முழுவதும் குதிரையின் காலடியில் நிற்கிற எங்கள் தெருக்காரருக்கு இன்று வரை அட்டை கிடையாது. அவர் கிளப்பின் ஆளா, டிரெய்னரின் ஆளா, முதலாளியின் ஆளா என்று கேட்டால் மூன்று பேரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். அந்தக் கேள்விக்கு லைசென்ஸில் ஒரு வரியில் பதில் எழுதி விடலாம்.

இதற்கு வரும் ஆட்சேபணைகள் எனக்குத் தெரியும். "நல்ல நிபந்தனை போட்டு சூதாட்டத்துக்குப் புண்ணியம் தேடித் தருகிறீர்களா?" என்று நண்பர் கேட்பார். இங்கேதான் டீக்கடைக்குத் திரும்பி வருகிறேன். மைதானத்தை மூடினால் பந்தயம் கட்டுகிறவன் கட்டாமல் விடுவான் என்று நினைப்பவர்கள், கட்டுகிறவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததில்லை. பம்பாயில், ஊட்டியில், ஹைதராபாத்தில் ஓடும் குதிரைமேல் பெங்களூர் டீக்கடையில் கட்டினார் எங்கள் அப்பா. இன்றைக்கு டீக்கடைகூட வேண்டாம், கையிலிருக்கும் போனே போதும். ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதை மத்திய அரசாங்கம் 2025-ல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. தடுத்ததும் நின்று விடும் என்று நம்ப எனக்கு ஆசைதான்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதம் ஆகி விட்டது. கிளப்பின் கமிஷன்மேல் மட்டுமல்ல, கட்டும் தொகை முழுவதின்மேலும். ரசீது வாங்கிக்கொண்டு உள்ளே கட்டினால் நூறு ரூபாய்க்கு நாற்பது ரூபாய் வரி. ரசீது இல்லாமல் வெளியே கட்டினால் ஒன்றும் இல்லை, கடனும் உண்டு. எந்த வாசல் வழியாகக் கூட்டம் போகும்? சூதாட்டத்துக்கு வரி போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல வாசலில் வரியைக் கூட்டிக்கொண்டே போய்த் திருட்டு வாசலைத் திறந்து வைத்தால், அங்கே வட்டிக்கு விடுகிற ஆள் நிற்பான். எங்கள் அம்மாவின் தையல் மெஷின் போன வழி அது.

குதிரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடி முடித்த குதிரையின் கதி என்ன என்று ஜீவகாருண்யக்காரர்கள் கேட்பது சரியான கேள்வி. அதற்கும் லைசென்ஸில் இடம் வேண்டும். ஆனால் எனக்கு அதில் ஞானம் போதாது, தெரிந்தவர்கள் எழுதட்டும்.

இன்னொரு ஆட்சேபணை நம்மவர்களிடமிருந்தே வரும். "இது கர்நாடக அரசாங்கத்தின் விஷயம். தமிழ்ச் சங்கம் எதற்கு இதில் தலையிட வேண்டும்? ஏற்கனவே நமக்கு வம்பு போதாதா?" என்று. காவிரிக் கலவர நாட்களை இந்த ஊரில் பார்த்தவன் நான். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் லாயத்தில் தமிழன் மட்டும் இல்லை. கன்னடக்காரர், ஆந்திராக்காரர், முஸ்லிம்கள் எல்லோரும் அதே நாலு மணிக்கு எழுந்திருக்கிறார்கள். இது அவர்கள் எல்லோருடைய சம்பளம். மொழித் தகராறு இதில் எங்கிருந்து வரும்? நம் சங்கம் பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைப்பது போல, வருடத்துக்கு ஒரு தடவை இப்படி ஒரு காரியமும் செய்யலாம்.

தெருக்கோடி வீட்டுப் பையன் இப்போது கல்லூரியில் கடைசி வருடம். லாயத்துப் பக்கமே வரக் கூடாது என்று அப்பா அவனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருடைய தங்கை மகன் போன வருடம் ஊரிலிருந்து வந்து அதே வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வயது பத்தொன்பது. அவனுக்கும் அட்டை இல்லை, பதிவும் இல்லை. இந்த வருட லைசென்ஸ் எது வரைக்கும் என்று அன்று என்னைக் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

மேலே சொன்ன விஷயங்களை வைத்து அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். ஒன்றரைப் பக்கம். கன்னடம் பேசுவேனே தவிர, ஆபீஸ் கன்னடம் எழுத எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. திருத்தித் தரக்கூடிய அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நூலகத்துக்கு வந்தால் உதவியாக இருக்கும். பூங்கா வேண்டும் என்கிற நண்பரும் அங்கேதான் இருப்பார். கையெழுத்துப் போட அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.